உயிரோடிருப்போருக்காக

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் கீழுதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான், பூசைக்குத் தானும் போகப்போவதாக அம்மா சொன்னாள். அன்ரனெற்றின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு துளி தண்ணீர் அப்பாவின் நாடியில் வழிந்து நரைத்த தாடிக்குள் போய்விட்டது.

“நீங்கள் ஏன் அம்மா போறீங்கள்? நாலு நாளா நித்திரை இல்லை. சுவாமி பூசை வைப்பார்தானே. நீங்கள் இங்க இருங்கோ.”

“அவரின்ரை பேரில பூசை. நான் போகாமல் ஆர் போறது?”

அம்மா ஏற்கெனவே கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கீழே ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்த சேலை இருந்தது. காலையிலேயே தம்பி மரியோவிடம் சொல்லிக் கொண்டுவரச் செய்திருக்கிறாள். அதை இவ்வளவு நேரமும் கவனிக்காமல் இருந்த தன்மேல் அன்ரனெற்றுக்கு எரிச்சல் வந்தது.

“மரியோ வேலை முடிஞ்சு நாலரைபோல வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவான். நீ அப்பாவோட நில்.”

சுவரில் மணி மூன்று இருபது. பூசை ஐந்து மணிக்கு.

அன்ரனெற்றின் பயம் பூசையைப் பற்றியது அல்ல. பூசைத் தொடக்கத்தில் பங்குக்குருவான சுவாமி வாசிக்கப்போகும் ஒரு வரியைப் பற்றியது. அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் அவள்.

அப்பா நீக்கிலாஸுக்குப் போன சனிக்கிழமைதான் மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. குருநகரில் முப்பது வருடம் வள்ளங்களின் மோட்டர் திருத்தியவர், ரொறன்ரோவுக்கு வந்தபிறகு தெருவோரத்தில் ஆட்கள் எறிந்துவிட்டுப் போகிற வக்யூம் கிளீனர்களை வீட்டுக்குத் தூக்கிவந்து திருத்துவார். பேஸ்மென்றில் நாலு நிற்கின்றன. நாலும் பெரிய சத்தத்தோடு ஓடும், ஒன்றும் உறிஞ்சாது. ஐந்தாவதைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

செவ்வாய்க்கிழமை செயற்கைச் சுவாசக் குழாய்களைக் கழற்றினார்கள். டொக்டர் அன்ரனெற்றைத் தனியே கூப்பிட்டு, இருபத்திநாலு மணித்தியாலம், மிஞ்சிப்போனால் நாற்பத்தெட்டு என்றார். வியாழக்கிழமையைத் தாண்டாது என்று திரும்பவும் தெளிவாகச் சொன்னார். அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லும் வேலை அவளுக்கு. “கஷ்டமாம் அம்மா” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கஷ்டம் என்றால் அம்மாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்.

“அப்ப இந்தச் சனிக்கிழமைப் பூசையை அப்பாவுக்குப் போடு. இண்டைக்கே போய்ச் சொல்லிப்போட்டு வா. பேந்து இடமில்லை எண்டு சொல்லுவினம்.”

அன்றைக்கே போனாள். கோயில் வாசலில் பூசைக் கருத்துக்கான, யாருக்காகப் பூசை என்று எழுதிப் போடும் கடித உறைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெயர் எழுத ஒரு கோடு. அதன் கீழே இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று உயிரோடிருப்பவர்களுக்கு, மற்றது இறந்தவர்களுக்கு. ஒன்றில் சரி போடவேண்டும்.

பேனாவைத் திறந்துகொண்டு அவள் யோசித்தாள். அதிக நேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அன்ரனெற்றுக்கு வேலை மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில். ஏழு வருடமாக அவள் கை நாளைய திகதியைத்தான் இன்றைக்கு ஒட்டுகிறது. இன்றைய திகதியை ஒட்டினால் அந்தத் தட்டு குப்பைக்குப் போகும். பூசை சனிக்கிழமை. டொக்டர் சொன்னது வியாழன். வெள்ளிக்கிழமை செத்தவீட்டு வேலைகளுக்கு நடுவில் கோயிலுக்கு ஓடிவந்து உறையை மாற்ற நேரம் இராது. இரண்டாவது பெட்டியில் சரி போட்டாள். உறையை ஒட்டி, துவாரத்துக்குள் போட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிவந்து, அப்பாவின் காலை வழக்கம்போல் பிடித்துவிட்டாள்.

வியாழன் போனது. வெள்ளியும் போனது. அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டொக்டர் வந்து பார்த்து, பஸ் பிந்திய ஆள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் அட்டையைப் பார்த்து, இதயம் பலமானது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு ஒரு மிடுக்கு வந்தது.

“எத்தினை செபமாலை சொல்லியிருப்பன் தெரியுமோ?” என்றாள் மரியோவிடம்.

பத்து வயதில் இங்கே வந்த மரியோவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. “அம்மா, கடவுளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்தானே? அப்பா எப்ப என்ன எண்டு எல்லாம். பிறகு நீங்கள் கேட்டு என்ன, கேக்காட்டி என்ன? வட்ஸ் த பொயின்ற்?”

“அவருக்குத் தெரியும் எண்டபடியால்தானே அவரிட்டைக் கேக்கிறன். ஒண்டும் தெரியாத ஆளிட்டைக் கேட்டு என்ன பிரயோசனம்?”

மரியோ சிரித்துவிட்டான். அன்ரனெற் சிரிக்கவில்லை. கோயிலில் தமிழ்ப்பூசைப் பேப்பர் தயாரிக்கிற எமில்டா அக்காவுக்கு வெள்ளிக்கிழமை இரண்டு தடவை போன் அடித்துப் பார்த்தாள். எடுப்பாரில்லை. அம்மா ஆஸ்பத்திரியை விட்டு அசையமாட்டாள், நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்தினாள். இப்போது அம்மா சேலைப் பையோடு நிற்கிறாள்.

“அம்மா, நான் ஓடிப்போய்க் குளிச்சிட்டு வாறன்.”

“இப்பவோ?”

“நேற்று உடுத்த உடுப்பு. மணக்குது. நீங்கள் வெளிக்கிடமுன்னம் வந்திடுவன்.”

அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். பொய் சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அவர் கண் மூடித்தான் கிடந்தார், என்றாலும்.

மார்ச் மாதத்துப் பனி உருகி ஊத்தைச் சகதியாகக் கிடந்தது. பஸ் வரப் பன்னிரண்டு நிமிடம். வந்த பஸ்ஸை, மூன்று தரிப்புக் கழித்து, டோனற் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டுச் சாரதி கோப்பி வாங்க இறங்கிப்போனார். அன்ரனெற் எழுந்து நின்றாள், இருந்தாள், மறுபடி எழுந்து கடைக் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். சாரதி மூன்றாவது ஆள். பஸ்ஸில் வேறு யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. இறங்கி நடந்தால் என்ன என்று நினைத்து, நடந்தால் முக்கால் மணித்தியாலம் ஆகும் என்று கணக்குப்பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாரதி ஒரு கையில் கோப்பியும் மறுகையில் ஏதோ ஒரு பணிஸுமாக வந்து எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

கோயில் வாசலில் எமில்டா அக்கா ஒரு சின்ன மேசையில் பேப்பர்களை நடுவே மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்ரனெற்றைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

“ஐயோ பிள்ளை! நான் அண்டைக்கே அழுதனான். உறையைப் பாத்தவுடன எனக்குக் கைகால் ஓடேல்லை. அம்மா என்னண்டு தாங்குறா? எப்ப எடுக்கிறியள்?”

“எமில்டா அக்கா, அப்பா இருக்கிறார்.”

“எங்க இருக்கிறார்?”

“ஆஸ்பத்திரியில. உயிரோட.”

எமில்டா அக்கா கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். அழுத கண்ணீர் கன்னத்தில் நிற்க, அதைத் துடைப்பதா விடுவதா என்று தெரியாத முகம்.

“அப்ப ஏன் நீர் செத்தவைக்குப் போட்டனீர்?”

டொக்டர் சொன்னவர் என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று அவளுக்கே விளங்கியது. மேசையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்துப் பார்த்தாள். தவக்காலத்துக்கென்று ஊதாநிறத் தாள். பின்பக்கத்தில் இரண்டு பட்டியல். ‘உயிரோடிருப்போருக்காக’ என்பதன் கீழே இரண்டே இரண்டு பெயர். ‘மரித்தோரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக’ என்பதன் கீழே ஒன்பது. ஐந்தாவது இடத்தில், நல்ல தடித்த எழுத்தில், அப்பா.

“அம்மா இண்டைக்குப் பூசைக்கு வாறா,” என்றாள் அன்ரனெற்.

“ஐயோ மாதாவே.”

“அவவுக்குத் தெரியாது. சுகம் வரட்டும் எண்டு பூசை குடுத்திருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு வாறா.”

“சுவாமிக்குச் சொன்னால் வாசிக்கேக்க மாத்தி வாசிப்பார்.”

“பேப்பர்? அம்மா பேப்பரில கீழ போட்டிருக்கிற கடை விளம்பரம் வரைக்கும் விரலை வச்சு வாசிக்கிற ஆள்.”

எமில்டா அக்கா அடுக்கைப் பார்த்தாள். “நூற்றியெண்பது கொப்பி,” என்றாள். பிறகு கைப்பைக்குள் துழாவி இரண்டு பேனா எடுத்தாள். குறை சொல்லவேண்டியதை எல்லாம் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டாள்போல. நல்ல மனுசி.

சுவாமியின் கையில் இருப்பது வேறு கொப்பி. அதை வைத்துக்கொண்டு அவர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அறைக்குள் இருந்தார். அறைக்கு வெளியே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு நிமிசம், ஒரு சொல்லுத்தான் என்று கெஞ்சிக்கொண்டு அன்ரனெற் முன்னே போனாள். எங்களுக்கும் ஒரு சொல்லுத்தான் என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. கதவு திறந்ததும் உள்ளே புகுந்து முழந்தாளிட்டாள். அங்கே நின்றுகொண்டு கதைப்பது முறையாகத் தோன்றவில்லை.

“சுவாமி, நான் ஒரு ஆளைச் சாகமுன்னம் சாகடிச்சுப்போட்டன்.”

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. சுவாமி அவ்வளவு நேரமும் சாய்ந்து இருந்திருக்கவேண்டும்.

விஷயத்தை முழுதும் கேட்டபிறகு பெருமூச்சு விட்டார். ஒரு தாள் சரசரத்தது. பேனா கீறும் சத்தம் கேட்டது.

“நான் திருத்திப்போட்டன். உது பாவமோ பிழையோ எண்டு இன்னொரு நாளைக்குப் பாப்பம். போய் அலுவலைப் பாருங்கோ.”

ஆனால் அவள் எழும்பவில்லை. நாலு நாளாக நெஞ்சுக்குள் கிடந்து உருண்டது அந்த இருட்டில் வெளியே வந்துவிட்டது.

“சுவாமி, கடவுளுக்கு எல்லாம் முந்தியே தெரியும்தானே? அப்பா எண்டைக்குப் போவார் எண்டு அவருக்குத் தெரியும். பேந்து நான் எந்தப் பெட்டியில சரி போட்டால் என்ன? அம்மா இரவு பகலா இருந்து கேக்கிறா. கேட்டாப்போல அவர் எழுதினதை மாத்தப்போறாரோ?”

சுவாமி இளம் ஆள். களைத்த குரலில் பேசினார்.

“எந்தப் பெட்டியெண்டாலும் ஒண்டுதான் எண்டால், நீங்கள் ஏன் பிள்ளை பஸ் எடுத்து ஓடி வந்தனீங்கள்?”

வெளியே யாரோ வேண்டுமென்றே இருமினார்கள். அவள் எழுந்து வந்தாள்.

மேசையில் எமில்டா அக்கா தொடங்கிவிட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அருள்நாயகம் அங்கிள் குந்தியிருந்தார். முன்பு அவர்கள் பார்க்டேலில் இருந்த ஐந்து வருடமும் மேல்மாடியில் குடியிருந்தவர். அப்பாவோடு சேர்ந்து வக்யூம் கிளீனர் தூக்கியவர். கறுப்புக் கோட்டும் கழுத்தில் கறுப்பு ரையும் கட்டி வந்திருந்தார். எமில்டா அக்கா செய்தியை நாலு பேருக்குச் சொல்லிவிட்டிருக்கிறாள், அதில் ஒருவர் இவர்.

“பிள்ளை, மெய்யாவே இருக்கிறானே அவன்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூக்கை உறிஞ்சினார். “மூண்டு நாளா அவன்ரை ஆத்தும இளைப்பாற்றிக்கு நூற்றியைம்பத்துமூண்டு மணிச் செபமாலை சொல்லுறன். வீணாப் போச்சே!”

“ஏன் வீணாப் போகுது அண்ணை?” என்றாள் எமில்டா அக்கா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். “ஆண்டவர் வச்சிருந்து எடுப்பார்.”

“உதுவும் சரிதான்,” என்று அங்கிள் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பேனாவை எடுத்தார். ரையைக் கழற்றி மற்றப் பைக்குள் சுருட்டி வைத்துவிட்டு அவரும் எழுதத் தொடங்கினார்.

கீழ்ப்பட்டியலில் ஐந்தாவது வரியை வெட்டவேண்டும். வெறும் கோடு போதாது, கோட்டுக்குள்ளால் அப்பாவின் பெயர் தெரிந்தது. கறுப்பாக அடைக்கவேண்டும். பிறகு மேலே, இரண்டு பெயருக்குக் கீழே மூன்றாவதாக, ‘நீக்கிலாஸ்’ என்று எழுதவேண்டும். அடைத்து, எழுதி, மடித்து, அடுத்தது. அன்ரனெற் வேகமாக எழுதினாள். வேகத்தில் ‘லா’வின் கால் விட்டுப்போனது, அதைத் திருத்தினாள். செவ்வாய்க்கிழமை போட்டது ஒரே ஒரு சரி. அது இப்போது நூற்றியெண்பது தடவை அழிபட வேண்டியிருந்தது.

இருபதாவதோ முப்பதாவதோ பேப்பரில் பேனாவை நிறுத்தி, எழுதிய பெயரைப் பார்த்தாள். அப்பாவின் பெயரை அவள் இவ்வளவு தடவை எழுதினதே இல்லை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவருக்காக நிரப்பிய விண்ணப்பங்கள் எத்தனையோ, எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாவற்றிலும் அவசரம்தான். இப்போது தமிழில் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர் மேலே ஏற, அவர் இருக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்தது. நாலு நாளாக வராத ஆசை. டொக்டர் சொன்ன அன்றே அதை எங்கோ வைத்துப் பூட்டியிருந்தாள். நூறு தாண்டியபோது, இவர் எழும்பினாலும் எழும்புவார் என்றுகூட நினைத்தாள். நினைத்துவிட்டு வெட்கப்பட்டாள்.

சனங்கள் வரத்தொடங்கிவிட்டார்கள். எமில்டா அக்கா திருத்திய பேப்பர்களை மட்டும் எண்ணிப் பார்த்துக் கொடுத்தாள். ஏன் கறுப்பாக அடைத்திருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, அச்சுப் பிழை என்றாள்.

கடைசிப் பேப்பரை மடித்துவிட்டு அன்ரனெற் நிமிர்ந்தாள். முதுகு உளைந்தது. கதவைத் திறந்துகொண்டு, சப்பாத்தில் ஒட்டிய சகதியைத் தட்டியபடி, அம்மா உள்ளே வந்துகொண்டிருந்தாள். பின்னால் மரியோ.

மணி ஐந்துக்கு நாலு நிமிடம்.

அம்மா வெளிக்கிடமுன்னம் வருகிறேன் என்று சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“நீ இங்கயோ நிக்கிறாய்?” என்றாள் அம்மா. “குளிக்கப் போறன் எண்டாய்?”

“அப்பாவோட ஆர்?”

“அக்கா, நாங்கள் உங்களுக்குப் பாத்துப் பாத்து நிண்டனாங்கள்,” என்றான் மரியோ. “அம்மா பூசை பிந்துது எண்டு ஒரே ஆக்கினை. நீங்கள் ஆன் த வே எண்டு நினைச்சம்.”

“அந்தக் கறுத்தப் பிள்ளை, நேர்ஸ், அவவிட்டை வடிவாச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்,” என்றாள் அம்மா. “மை ஹஸ்பன், யூ சீ, யூ சீ எண்டு. அவ ஓம் ஓம் எண்டு தலையாட்டினவ. மூச்சு சீராத்தான் இருந்தது. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?”

“மரியோ, காரின்ரை திறப்பைத் தா.”

“பூசை தொடங்கப்போகுது,” என்று அம்மா அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பான்ரை பேர் வாசிக்கிறதைக் கேட்டிட்டுப் போ. ரெண்டு நிமிசம்.”

திறப்பைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நின்றாள். உடனே போயிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்காமல் போக அவளுக்கு மனம் வரவில்லை. சுவாமி மறந்து பழையபடி வாசித்துவிட்டால்? பக்கத்தில் நின்று எதையாவது செய்ய, இருமவாவது, ஆள் வேண்டும். அம்மா பேப்பரைத் திருப்பி விரலை வைத்தாள். விரல் மேல்பட்டியலில் மூன்றாவது பெயரில் போய் நின்றது. கையால் எழுதியிருக்கிறதே என்று ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். தன் பிள்ளையின் எழுத்து அவளுக்குத் தெரியும். கீழே கறுப்பாக அடைத்திருந்த வரியைத் தாண்டி விரல் மெதுவாகப் போனது.

வருகைப்பாடலுக்கு நாலு அடி. அன்றைக்கென்று நாலையும் பாடினார்கள். கார்த் திறப்பின் பற்கள் அன்ரனெற்றின் உள்ளங்கையில் பதிந்து வலித்தன.

“இன்றைய திருப்பலி,” என்று சுவாமி தொடங்கினார், “உயிரோடிருப்போருள்…” முதலாவது பெயர். இரண்டாவது பெயர். ஒரு கணம் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். “நோயுற்றிருக்கும் நீக்கிலாஸின் சுகத்துக்காகவும்…”

அம்மா நெஞ்சில் சிலுவை போட்டாள். இரண்டு வாங்கு வரிசை முன்னால், கறுப்புக் கோட்டோடு, அருள்நாயகம் அங்கிள் ‘ஆமென்’ என்றார். அது ஆமென் சொல்லுகிற இடமே இல்லை.

அன்ரனெற் ஓடினாள்.

மரியோவின் காரில் எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. எங்கும் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் நின்றாள். அந்த ஒரு வரிக்காகக் கோயிலில் நின்ற நிமிடங்களைத் திருப்பித் திருப்பி எண்ணினாள். ஒன்பது. பஸ்ஸில் அந்தக் கோப்பிக்குப் போனது ஐந்து. சுவாமியோடு தர்க்கம் பண்ணியது மூன்று. திருத்தக் குந்திய நேரத்தை எண்ணவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும். அம்மா அழுதிருப்பாள், ஏசியிருப்பாள், பிறகு பூசைக்குப் போயிருப்பாள். தான் அப்பாவோடு இருந்திருக்கலாம். இவ்வளவு ஓட்டமும் அம்மாவுக்காகவா, தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று கேட்டுப் பார்த்தாள். பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் லிப்ற் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறியது. அறைக்கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அவள் திரையை விலக்கினாள்.

நேர்ஸ் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியின் அசைவுக்குத் தலை சற்றே திரும்பித் திரும்பி வந்தது. தாடி ஈரமாக, ஒரு பக்கமாகச் சீவப்பட்டிருந்தது. நேர்ஸ் திரும்பிப் பார்த்தாள். தாழ்ந்த குரலில், தனக்கு மிகவும் வருத்தம் என்றாள். ஐந்து பத்துக்கு என்றாள். வீட்டுக்குப் போன் அடித்ததாகவும், யாரும் எடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

ஐந்து பத்து. சுவாமி வாசித்தபோது ஐந்து ஐந்து இருக்கும், மிஞ்சினால் ஆறு. அப்போது அவர் இருந்திருக்கிறார். சரியான பட்டியலில்தான் வாசித்திருக்கிறார்கள். டொக்டர் பிழை, அவள் பிழை, நூற்றியெண்பது பேப்பரும் சரி. அன்ரனெற் இதையெல்லாம் கணக்குப் பார்த்து முடித்தாள். ஒரு சொட்டு ஆறுதலும் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

நாற்காலி. காலையில் அதைக் கட்டிலின் வலது பக்கம், கதவைப் பார்க்கப் போட்டுத்தான் அவள் இருந்தாள். இப்போதும் வலது பக்கம்தான், ஆனால் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யாராவது இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கலாம். அம்மா சேலை உடுக்கும்போது தள்ளியிருக்கலாம். துடைப்பதற்கு இடம் வேண்டும் என்று நேர்ஸ் நகர்த்தியிருக்கலாம். அப்பாவின் வலது கை போர்வைக்கு வெளியே இருந்தது. நகங்களுக்கு அடியில் மோட்டர் கழற்றிய கறுப்பு எண்ணெய் இன்னும் போகவில்லை. இடது கை உள்ளே. இதிலிருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் இருந்தார்களா? வாயைத் திறந்து கேட்டால் போதும். ஒரே கேள்வி. நேர்ஸ் ஓம் அல்லது இல்லை என்று சொல்லுவாள். பொய் சொல்கிற முகம் அல்ல அவளுடையது.

அன்ரனெற்றால் அதைக் கேட்க முடியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். சுவர்மணியில் ஐந்தரை ஆகியிருந்தது. நடந்தது நடந்து இருபது நிமிடம். எது நடந்ததோ அது இனி அசையாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், மரியோவைவிட நன்றாகத் தெரியும்.

ஆண்டவரே, அஞ்சு பத்துக்கு ஆராவது அவரோட இருந்திருக்கவேணும். ஆரெண்டாலும் பரவாயில்லை. இந்த நேர்ஸ்தான் எண்டில்லை, கூட்டித் துடைக்கிற ஆள் எண்டாலும் பரவாயில்லை. கையைப் பிடிக்கவேணும் எண்டும் இல்லை. அறைக்குள்ள நிண்டால் போதும். ஏதும் எடுக்க வந்த ஆள் எண்டாலும் போதும். ஒரு ஆளின்ரை சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேணும்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் ஆண்டவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. அதற்கு முன்னமும் இப்படிக் கேட்டதாக நினைவில்லை. அம்மா செபமாலையின் ஒவ்வொரு மணியையும் நெரித்துக்கொண்டு கேட்பதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இப்போது கம்பியை நெரித்துக்கொண்டு அவளும் கேட்டாள். சொன்னதையே சொல்லிக் கேட்டாள்.

நேர்ஸ் துணியைப் பிழிந்து போடும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவான காலடி, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தோளில் ஒரு ஈரக்கை பட்டது. அந்தப் பெண் ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

அன்ரனெற் கண்ணைத் திறக்காமலே ஒரு கையை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னாள். இன்னும் கேட்டு முடியவில்லை.